முகாமுக்குப் போன மாமியார்

என் தங்கையின் மாமியாரை எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம், ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருந்த நகரத்தில் அவர் மருந்துக்கடை வைத்திருந்தார். முறையாகப் படித்து உரிமம் வாங்கியவர். கணவர் இல்லை, ஒரே மகன். அந்த மகன் கப்பல் கம்பெனி வேலையாக எங்கள் ஊருக்கு வந்தார். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த என் தங்கையின் குரலில் மயங்கி, குரலுக்குச் சொந்தக்காரியைத் தேடிக் கண்டுபிடித்துக் கல்யாணமும் செய்துகொண்டார். தங்கமான மாப்பிள்ளை. அவரைக் குறை சொல்ல முடியாததால் எங்கள் வீட்டில் எல்லோரும் அவருடைய அம்மாவைக் குறை சொன்னோம்.

அதற்குக் காரணமும் இருந்தது. கல்யாணத்தன்று எல்லோரும் சேர்ந்து போட்டோவுக்கு நின்றபோது அந்த அம்மாள் என் அப்பாவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. பின்னாடி இருக்கறவங்க மறையுறாங்க" என்றார். அப்பாவுக்கு ஆறடி உயரம். ரோஷம் அதைவிட உயரம். "பொண்ணப் பெத்தவன ஓரமா நிக்கச் சொல்றா பாரு" என்று ஊர் திரும்பும்வரை ரயிலில் பொருமிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பார்த்துப் பேசுகிறவர் என்பதால் அவருக்குத் 'தராசு' என்று பட்டப்பெயரும் வைத்தார்.

போர் எதனால் வந்தது என்பது இப்போது பள்ளிக்கூடத்தில் பத்து மதிப்பெண் கேள்வி. அப்போது எங்கள் வீட்டில் அதற்கு விடை சொன்னவர் அப்பாதான். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை அவருக்கு. காலையில் இரண்டு பேப்பர், மாலையில் ஒன்று என்று படித்துவிட்டு எங்களுக்குப் பாடம் எடுப்பார். எங்கேயோ ஒரு குறுகலான கடல்வழி. அது ஒரு சின்ன நாட்டின் கையில் இருந்தது. இரண்டு பெரிய நாடுகளுக்கும் அதன்மேல் ஒரு கண். ஒருநாள் அங்கே ஒரு கப்பல் எரிந்தது. யார் கொளுத்தியது என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அந்த இரண்டு பெரிய நாடுகளும் மோதிக்கொண்டன. எங்கள் அரசாங்கம் ஒரு பெரிய நாட்டோடு ஒப்பந்தம் போட்டிருந்தது, மாப்பிள்ளையின் அரசாங்கம் இன்னொன்றோடு.

"நம்ம ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒரு வேலித் தகராறுகூடக் கிடையாது" என்றார் அப்பா, ஏதோ பெருமையான விஷயம் போல.

"அப்புறம் எதுக்குங்க சண்ட?" என்றாள் அம்மா.

"கையெழுத்துப் போட்டிருக்கோம்ல?"

"போட்டவங்க போய்ச் சண்ட போடட்டும். எம் பொண்ணு அங்க இருக்கா."

அப்பா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஆனால் கையெழுத்து மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அதற்கு முன்பே சில வருஷங்களாக ஆலைகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. வேலையில்லாத இளைஞர்கள் தெருமுனையில் நின்று யார்மேலாவது கோபப்படக் காத்திருந்தார்கள். பேப்பர்களும் வானொலியும் அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி எழுதிக் கொடுத்தன. படை கிளம்பிய அன்று டிராம்களை நிறுத்திவிட்டு ஊரே தெருவில் நின்று கைதட்டியது. டிராம் பணிமனையில் பிரேக் பழுது பார்க்கும் நானும் எண்ணெய்க் கையோடு தட்டினேன். "மழை தொடங்குறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றார் அப்பா. நான்கு வருஷம் நடந்தது.

எல்லை மூடப்பட்டபோது தங்கை நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அம்மா பிரசவத்துக்குக் கிளம்பப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். பெட்டி கட்டியபடியே கிடந்தது. என்னை ராணுவ லாரிகள் பழுதுபார்க்கும் பிரிவுக்கு இழுத்துக்கொண்டார்கள். இதற்குப் பிறகு அந்தப் பக்கம் நடந்ததையெல்லாம் பின்னால் தங்கை வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை முதல் அழைப்பிலேயே போர்முனைக்குப் போய்விட்டார். அவர் போன கொஞ்ச நாளில், எதிரி நாட்டில் பிறந்தவர்கள் எல்லோரும் முகாமுக்கு வந்துவிட வேண்டும் என்று அங்கே உத்தரவு வந்தது. கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண்களுக்கும் விலக்கில்லை. இரண்டு காவலர்கள் மருந்துக்கடைக்கு வந்து தங்கையின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். மாமியார் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். ஒரு பெட்டியோடு திரும்பி வருவார் என்று தங்கை நினைத்தாள். அவர் இரண்டு பெட்டிகளோடு வந்தார். கடையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "ம், போலாம்" என்றார்.

"அத்தை, நீங்க எதுக்கு?" என்று கேட்டாள் தங்கை.

"பிரசவத்த நீ தனியாப் பாத்துக்குவியா? நட."

முகாம் என்பது மூடிக் கிடந்த ஒரு சைக்கிள் தொழிற்சாலை. சைக்கிள் சட்டங்களை மாட்டும் கொக்கிகள் கூரையிலிருந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. தரையில் ஊறிய எண்ணெய், படுக்கிற பாய், உடுத்துகிற துணி எல்லாவற்றிலும் ஒட்டியது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த முகாம் அதிகாரி தங்கையை உள்ளே அனுப்பிவிட்டு மாமியாரை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, உங்க பேரு இங்க இல்லையே."

"சேத்துக்கோங்க."

"இது எதிரி நாட்டுக்காரங்களுக்கான இடம். நீங்க எதிரி இல்லையே."

"எதிரி ஆகணும்னா என்ன செய்யணும்னு சொல்லுங்க. செஞ்சிட்டு வரேன்."

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் பயத்தையும் மீறிச் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்குக் காது சிவந்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். உள்ளே டாக்டர் இருக்கிறாரா? இல்லை. நர்ஸ்? கேட்டிருக்கிறோம், வருவார். மருந்து? ஒரு டப்பாவில் பஞ்சும் அயோடினும் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகள் எத்தனை பேர்? அதிகாரி அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

"அப்ப நான் வரணும்னு நீங்கதான் கேக்கணும். நான் உங்ககிட்டக் கெஞ்சுற மாதிரி நிக்க வெச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாவது பெட்டியைத் திறந்து காட்டினார். பெட்டி முழுக்க மருந்து. மாற்றுத்துணி அடியில் ஓரமாகக் கொஞ்சம். அதிகாரி கெட்டவர் இல்லை, திகைத்துப் போனவர். 'தற்காலிகம்' என்று சொல்லி உள்ளே விட்டார். அந்தத் தற்காலிகம் போர் முடிகிறவரை நீடித்தது.

என் மருமகள் அந்தத் தொழிற்சாலையின் பெயின்ட் அறையில் பிறந்தாள். பிரசவம் பார்த்தது மாமியார்தான். அதுவரை புத்தகத்தில் மட்டுமே பிரசவத்தைப் படித்திருந்தாராம். அதைக் குழந்தை பிறந்த பிறகுதான் தங்கையிடம் சொன்னார். "முன்னாடியே சொன்னா நீ பயந்திருப்ப. எனக்கே பயமாத்தான் இருந்துச்சு."

அடுத்த கோடையில் முகாமில் பேதி பரவியது. ஒரே குழாய், பக்கத்திலேயே சாக்கடை. வேறென்ன ஆகும்? மாமியார் முதலில் குழாயடியில் ஒரு பெண்ணைக் காவல் வைத்தார். காய்ச்சாத தண்ணீரை ஒரு சொட்டுக்கூடத் தொட விடவில்லை. அதிகாரியிடம் போய் சர்க்கரையும் உப்பும் கேட்டார். சர்க்கரை ரேஷனில் இருந்த காலம் அது.

"சர்க்கரைக்கு எங்க போறது? என் வீட்டுலயே இல்ல" என்றார் அதிகாரி.

"உங்க வீட்டுல இல்லைன்னா உங்க மேலதிகாரி வீட்டுல இருக்கும். போன் போடுங்க. நீங்க பேசத் தயங்குனா நான் பேசறேன்."

அவர் பேசினால் என்ன ஆகும் என்று அதிகாரிக்குத் தெரியும். தானே பேசினார், சர்க்கரை வந்தது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலந்து ஒவ்வொரு வாயிலும் ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினார்கள். காவலர்களில் பாதிப்பேர் படுத்தபோது அவர்களுக்கும் அதே ஸ்பூன்தான். சில குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தாய்மார்களின் பக்கத்தில் மாமியார் பேசாமல் உட்கார்ந்திருப்பார். சமாதானம் சொல்ல அவருக்கு வராது. ஆனால் எழுந்தும் போகமாட்டார். முகாமில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் நாட்டுக்காரர்கள். அவர்கள் அவரை 'மருந்தம்மா' என்று கூப்பிட்டார்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு காலைநேரம், தந்தி வந்தது. கடை பூட்டியிருந்ததால் பக்கத்துக் கடைக்காரர் வாங்கி முகாம் வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை ஓர் ஆற்றைக் கடக்கும்போது இறந்துபோயிருந்தார். சுட்டது எங்கள் நாட்டுப் படை.

மாமியார் நின்றபடியே படித்தார். உள்ளே வந்து தந்தியைத் தங்கையின் கையில் கொடுத்தார். தங்கை போட்ட சத்தத்தில் பெண்கள் ஓடிவந்தார்கள். காதுவலிக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி அழுதுகொண்டே மாமியாரின் தோளைத் தொட்டாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"உங்க ஆளுங்கதானே? உங்க ஆளுங்கதானே கொன்னது? தொடாத!"

அவர் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். தங்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேத்தியைப் பார்க்கவில்லை. அவர் கைதி இல்லையே, யார் தடுப்பது? காவலர் கதவைத் திறந்துவிட்டார்.

"அன்னைக்கு எனக்கு அவர் செத்தது பாதி, அத்தை போனது பாதி" என்று தங்கை என்னிடம் சொன்னாள். "ஆனா அவங்க மேல கோபம் வரல அண்ணா. அவங்க இடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சுப் பாத்தேன். முகாமுக்கே வந்திருக்க மாட்டேன்."

ஒரு வாரம் இருக்கும். தலை வாராமல், கண் உள்ளே போய், ஆளே பாதியாகி மாமியார் திரும்பி வந்தார். கடையில் மிச்சமிருந்த மருந்தையெல்லாம் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நேராகக் காதுவலிக் குழந்தையிடம் போய்க் காதைத் திருப்பிப் பார்த்தார். "சீழ் நின்னிருச்சா?" என்று அதன் தாயிடம் கேட்டார். நின்றுவிட்டது என்றாள் அவள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு உன் கையத் தட்டி விட்டேனே, வலிச்சுதா?" என்றார். அந்தப் பெண் இல்லையென்று தலையாட்டினாள்.

பிறகு மாமியார் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"வீட்டுல உக்காந்து பாத்தேன்டி. அவன் இல்ல. நீயும் இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை?"

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் தங்கையும் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து அழுதது அதற்குப் பிறகுதான்.

இதில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. போரில் சேராத ஒரு நாட்டின் வழியாக எப்போதாவது ஒரு தபால் அட்டை வரும். அதில் சில வார்த்தைகள்தான் எழுதலாம். 'நலம். குழந்தை நலம். அத்தையுடன் இருக்கிறேன்.' அம்மா அதைப் படித்துவிட்டு, "அத்தையுடன்னு எழுதியிருக்காளே, அந்தத் தராசு இவள என்ன பாடு படுத்துதோ" என்று அழுவாள். எங்கள் ஊர்மேலும் குண்டு விழுந்தது. வீட்டின் பின்பாதி போயிற்று. டிராம் பணிமனையில் என்னோடு வேலை பார்த்தவர்களில் திரும்பி வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம். அப்பா பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார். யாராவது போரைப் பற்றிக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று எழுந்து போய்விடுவார்.

போர் முடிந்ததும் நானும் அம்மாவும் தங்கையைக் கூட்டிவரக் கிளம்பினோம். ரயில் பாலம் உடைந்து கிடந்ததால் பாதி வழி லாரியில், மீதி படகிலும் நடையிலும். அந்த நகரத்தில் சுவர் நின்ற வீடுகளுக்குக் கூரை இல்லை. கூரை இருந்த வீடுகளுக்குக் கண்ணாடி இல்லை. மாப்பிள்ளை இறந்த செய்தி அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது. சம்பந்தியிடம் என்ன சொல்வது என்று அம்மா வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு ஒத்திகையும் அழுகையில் முடிந்தது.

மருந்துக்கடை திறந்திருந்தது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் பலகை. உள்ளே கூட்டம். நாங்கள் முட்டிமோதி நுழைந்தபோது, "வரிசையில வாங்க" என்று ஒரு குரல் கேட்டது. தலை நிமிராமலே சொன்னார் அந்த அம்மாள். அம்மா பேசாமல் வரிசையில் போய் நின்றாள். என்னையும் இழுத்து நிறுத்தினாள்.

எங்கள் முறை வந்தபோது அவர் நிமிர்ந்தார். அம்மா ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ ஓடிப்போனது.

"சம்பந்தியம்மா... உங்க பையன்... எங்க ஆளுங்க..."

"உங்க ஆளுன்னா யாரு? உங்க வீட்டுக்காரரா சுட்டாரு? அவரு வீட்டுல உக்காந்து பேப்பர்தானே படிச்சிட்டிருந்தாரு" என்றார் அவர். சொல்லிவிட்டு மேசையைச் சுற்றி வெளியே வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உள்ள வாங்க. பேத்தி தூங்கிட்டிருக்கா. எழுப்பலாம், பரவால்ல."

வரிசையில் நின்ற ஒருத்தி, "ஓ, இவங்களும் அந்த ஊர்க்காரங்களா? இன்னும் எத்தன பேரக் கூட்டி வெப்பீங்க?" என்றாள் முணுமுணுப்பாக.

சம்பந்தியம்மாள் நின்று திரும்பினார். "மருந்து வேணுமா, பேச்சு வேணுமா? இந்தக் கடையில ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்." அந்தப் பெண் மருந்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மாடியில் தங்கையைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. இளைத்திருந்தாள், நிமிர்ந்திருந்தாள். மேசைமேல் மருந்துப் படிப்புப் புத்தகங்கள் விரித்துக் கிடந்தன. அம்மா குழந்தையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தியம்மாளே பேச்சை எடுத்தார்.

"கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. நீங்க அதுக்குத்தானே வந்தீங்க. இங்க நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க. சின்ன வயசு. உங்க வீட்டுல இருந்தா மனசு ஆறும்."

"நான் வரலம்மா" என்றாள் தங்கை.

"அத நான் பேசிட்டிருக்கேன்ல?"

"அத்தை, முகாமுக்கு வாங்கன்னு உங்கள யாராவது கூப்பிட்டாங்களா? நீங்களாத்தானே வந்தீங்க? நானும் நானாத்தான் இங்க இருக்கேன். படிப்பு வேற பாதியில நிக்குது."

ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை வைத்திருக்கும் அந்த அம்மாள் அன்று மூக்கைச் சிந்திக்கொண்டு கடைக்கு இறங்கிப் போய்விட்டார். நானும் அம்மாவும் தனியாக ஊர் திரும்பினோம். நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னோம். அதற்குப் பிறகு 'தராசு' என்ற சொல் எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

பாலம் கட்டி ரயில் ஓடத் தொடங்கிய வருஷம் சம்பந்தியம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார், தனியாக. அப்பா ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார். தேநீர் குடித்து முடித்ததும் அந்த அம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எம் பொண்ணுக்கு ஒரு இடம் வந்திருக்கு. உங்ககிட்டக் கேக்காம முடிவு பண்ணக்கூடாதுல்ல?"

அவருக்குப் பெண்ணே கிடையாதே என்று ஒரு கணம் எல்லோரும் விழித்தோம். அப்புறம்தான் புரிந்தது, அவர் சொன்னது என் தங்கையை. வரன், அவர் கடைக்கு இரண்டு கடை தள்ளி மூக்குக்கண்ணாடி செய்கிறவர். மனைவியை எங்கள் விமானங்கள் போட்ட குண்டில் இழந்தவர். தங்கைக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் மாமியாரிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தாள், இவரே கண்டுபிடித்துவிட்டார்.

"அவ வாயத் திறக்கல. ஆனா கண்ணு நல்லாத் தெரியுறவ மாசத்துக்கு ஒரு தடவ கண்ணாடிக் கடைக்கு எதுக்குப் போறா?"

அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பா மட்டும் இழுத்தார். "நல்ல விஷயம்தான். ஆனா மறுகல்யாணம்... ஊரு என்ன சொல்லும்?"

"எந்த ஊரு? உங்க ஊரா, எங்க ஊரா? ரெண்டு ஊரும் சொன்னதத்தான் நாலு வருஷம் கேட்டோமே. போதாதா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்கம்மா" என்றார். என் அப்பா யாரையும் 'அம்மா' என்று அழைத்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை சம்பந்தியம்மாள் என்னிடம், "தம்பி, ஒரு நாள் லீவு போட முடியுமா?" என்று கேட்டார். மாப்பிள்ளையைப் புதைத்த இடம் எல்லைக்கு எங்கள் பக்கம், ஆற்றங்கரையில் இருந்தது. பஸ்ஸில் போனோம். வரிசை வரிசையாகக் கல். தேடிக் கண்டுபிடித்ததும் அவர் கல்லைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, பக்கத்து வீட்டில் பேசுவது போலப் பேசினார். குழந்தை நன்றாகப் படிக்கிறாள் என்றார். கண்ணாடிக்காரரைப் பற்றிச் சொன்னார். "உனக்கும் பிடிச்சிருக்கும்டா. உன்ன மாதிரியே கொஞ்சம் அசடு" என்றார். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவ்வளவு பெரிய மனுஷி இவ்வளவு இலேசாக இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் விழித்துவிடக்கூடாதே என்று எங்கள் நிறுத்தம் வரும்வரை நான் கையை அசைக்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தங்கை தேர்வு எழுதி உரிமம் வாங்கினாள். இப்போது கடையை அவள்தான் நடத்துகிறாள். புது மாப்பிள்ளையும் அந்த அம்மாளை அத்தை என்றுதான் கூப்பிடுகிறார். எனக்குப் போன மாசம் முட்டி வலி என்று தங்கையிடம் போனில் சொன்னேன். பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது: "மாத்திரை அப்புறம், முதல்ல அவன எடையக் குறைக்கச் சொல்லு!"